இன்னும் ரெண்டு ஷேட் ஏத்திப் போடும்மா

முகூர்த்தம் ஆறு மணிக்கு. மணமகளை எழுப்பியது இரண்டு மணிக்கு. மண்டபத்து மாடி அறையில், வட்ட விளக்குக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் தூக்கக் கலக்கத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். மேக்கப் ஆர்ட்டிஸ்ட் நாலு ஃபவுண்டேஷன் பாட்டில்களைத் திறந்து, தாடையோரம் ஒவ்வொன்றிலும் ஒரு கோடு இழுத்துப் பார்க்கிறார். மூன்றாவது கோடு தோலோடு தோலாக மறைந்துபோகிறது. தொழில் தெரிந்தவர், அந்தப் பாட்டிலைத்தான் எடுக்கிறார். கட்டிலில் உட்கார்ந்து மல்லிகைச் சரத்தை முழம் போட்டுக்கொண்டிருக்கும் தாயார் நிமிர்கிறார்: “இன்னும் ரெண்டு ஷேட் ஏத்திப் போடும்மா. போட்டோல கறுப்பா விழுந்திடப் போறா.”

இருபத்தைந்து வருடம் “என் தங்கமே” என்று கொஞ்சிய முகம்தான். ஆல்பத்துக்கு மட்டும் ஆகாது!

போட்டாகிவிட்டது. இப்போது முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், மருதாணி வைத்த கை வேறொரு நிறம். மணவறையில் மாப்பிள்ளை மூன்று பெண்களுக்கு ஒரே தாலியைக் கட்டுகிறார். ஃபிளாஷ் அடித்ததும் கண்ணுக்குக் கீழே பூசிய பவுடர் திட்டுத் திட்டாக வெளுத்துத் தெரியும். கவலை வேண்டாம், அதை எடிட்டிங்கில் பார்த்துக்கொள்வார்கள். பிறகு அவளுடைய மச்சமும் போகும், மூக்குத்தியோரத்துச் சின்னத் தழும்பும் போகும். கட்டுக்கட்டாகப் பணம் கொடுத்து, பெற்ற மகளை அடையாளம் தெரியாமல் ஆக்கி, அதைத் தோல் பைண்டிங் போட்ட ஆல்பமாக வாங்கி அலமாரியில் பூட்டி வைக்கிறோம்.

இதற்குள் உறவுக்கார மாமா ஒருவர் வாட்ஸப்பில் நகைச்சுவை அனுப்பிவிட்டார்: மறுநாள் காலை முகம் கழுவிய மனைவியைப் பார்த்து மாப்பிள்ளை மயங்கி விழுந்தாராம். சிரிக்கும் முகங்கள் வரிசையாக வந்து விழுகின்றன. மாமா, உங்கள் மகனுக்குக் கொடுத்த விளம்பரத்தில் ‘நல்ல சிவந்த நிறமுள்ள மணமகள் தேவை’ என்று எழுதியது யார்? பெண் பார்த்துவிட்டு வந்து “நிறம்தான் கொஞ்சம் கம்மி” என்று உதட்டைப் பிதுக்கியது யார்? பூசச் சொன்னதும் நீங்கள், பூசினால் சிரிப்பதும் நீங்கள். தூ!

“நாங்க என்ன பண்றது, கேமரா அப்படி” என்பார்கள். ஒரு காலத்தில் உண்மைதான். கோடக் நிறுவனம் கலர் படங்களின் நிறத்தைச் சரிபார்க்க வெள்ளைக்காரப் பெண்ணின் படம் போட்ட அட்டையைத்தான் பல ஆண்டுகள் லேப்களுக்கு அனுப்பியது. ‘ஷெர்லி கார்டு’ என்று அதற்குப் பெயர். கறுத்த முகங்கள் இருட்டில் கரைந்ததைப் பற்றி அவர்கள் பெரிதாகக் கவலைப்படவில்லை. சாக்லேட் கம்பெனிக்காரர்களும் மரச்சாமான் விற்பவர்களும் “எங்கள் சரக்கின் நிறம் சரியாக விழவில்லை” என்று புகார் செய்த பிறகுதான் ஃபிலிமைத் திருத்தும் வேலை சூடுபிடித்தது. தேக்கு மேசைக்குக் கிடைத்த நியாயம் அது. இன்றைய கேமராவுக்கு அந்தக் குறையில்லை. வெளிச்சம் வைக்கத் தெரிந்தவர் எந்த நிறத்தையும் அழகாக எடுப்பார். கேமரா திருந்திவிட்டது. சம்பந்தி வீடுகள்தான் இன்னும் திருந்தவில்லை.

பவுடரோடு நின்றால்கூடப் பரவாயில்லை, கழுவினால் போய்விடும். மூன்று மாதம் முன்பே ‘ப்ரீ பிரைடல் பேக்கேஜ்’ தொடங்கிவிடுகிறதே! ஃபேஷியல், ப்ளீச், ஊசி, பக்கத்து வீட்டு அக்கா சிபாரிசு செய்த பெயர் தெரியாத கிரீம். 1975இல் வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ 2020இல் பெயரிலிருந்த ‘ஃபேர்’ஐ எடுத்துவிட்டு ‘க்ளோ’ ஆனது. பெயர் மாறியது, வாங்குகிறவர்களின் ஆசை மாறவில்லை. 2023இல் கேரளத்தின் கோட்டக்கலில், சிறுநீரகம் கெட்டு வந்தவர்களை விசாரித்த மருத்துவர்கள் அவர்கள் பூசிய சிவப்பழகு கிரீம்களில் பாதரசத்தைக் கண்டுபிடித்தார்கள். அதே ஆண்டு கர்நாடகத்தில் ஹாசன் மாவட்டத்துப் பெண் ஒருவருக்குக் கல்யாணத்துக்குச் சில நாள் முன்பு பார்லரில் புது மேக்கப் போட்டு ஆவி பிடிக்க வைத்தார்கள். முகம் வீங்கிக் கறுத்து ஆஸ்பத்திரியில் படுத்தார். மாப்பிள்ளை வீட்டார் கல்யாணத்தை நிறுத்திவிட்டதாகச் செய்தி வந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண்ணின் உயிர் முக்கியமா, முகம் முக்கியமா என்ற சந்தேகமே வரவில்லை போலிருக்கிறது.

பெண்ணைப் பெற்றவர்களே, ஒரு வேலை செய்யுங்கள். மகளின் அலமாரியில் இருக்கும் டியூபை எடுத்துப் பின்பக்கம் படியுங்கள். குளோபெடசால், பீட்டாமெதசோன், மோமெடசோன் என்று எதுவாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. தோலை மெலிய வைக்கும், முகத்தில் முடி முளைக்க வைக்கும், நிறுத்தினால் முகம் எரியும். இவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பது சட்டம். கேட்டவுடன் எடுத்துக் கொடுத்த கடைக்காரர் மேல் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் புகார் கொடுங்கள். எந்தப் பொருள் இருக்கிறதென்றே எழுதாத டியூபாக இருந்தால் குப்பையில் போடுங்கள். “பொண்ணு இன்னும் கொஞ்சம் கலரா இருந்தா...” என்று இழுக்கும் வரனுக்கு ஜாதகத்தைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.