திங்கட்கிழமைத் தொண்டை

2023 மே 30, செவ்வாய்க்கிழமை, அதிகாலை ஒன்றரை மணி. வாயில் துண்டைக் கவ்விக்கொண்டு கூடத்தில் குதித்துக்கொண்டிருந்தேன். பேய் எதுவும் பிடிக்கவில்லை. டி.வி. சத்தத்தை அணைத்துவிட்டு ஐ.பி.எல். இறுதி ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் வேண்டும். ஜடேஜா ஒரு சிக்ஸர், ஒரு பவுண்டரி அடித்து முடித்துவைத்தார். நான் கத்தினால் அம்மா எழுந்துவிடுவார். அம்மா எழுந்தால் கரண்ட் பில்லில் தொடங்கி என் வருங்காலம் வரை விசாரணை நடக்கும். அதனால்தான் துண்டு.

அந்த ஆட்டம் ஞாயிற்றுக்கிழமையே முடிந்திருக்க வேண்டியது. அகமதாபாத்தில் மழை கொட்டியதால் திங்களுக்குத் தள்ளினார்கள். திங்களன்று குஜராத் 214 ரன் அடித்தது. அதில் 96 ரன் நம்மூர்ப் பையன் சாய் சுதர்சனுடையது. திட்டவும் முடியவில்லை, தட்டிக்கொடுக்கவும் முடியவில்லை. சென்னை மூன்று பந்து ஆடியதும் மறுபடி மழை. 15 ஓவரில் 171 என்று இலக்கை மாற்றி, ஆடி முடிப்பதற்குள் செவ்வாய் பிறந்துவிட்டது. கல்யாணமே இப்போதெல்லாம் ஒன்றரை நாளில் முடிகிறது!

காலையில் மேலாளருக்கு ஃபோன் போட்டேன். "சார், தொண்டை கட்டிக்கிச்சு..."

"தானா கட்டினதா, ஜடேஜா கட்டிவிட்டதா?"

ஒன்பதரைக்கெல்லாம் ஆபீஸில் கைரேகை வைத்துவிட்டேன்.

அன்றிலிருந்து நான் சனிக்கிழமைக் கட்சி. இறுதி ஆட்டம் எதுவானாலும் சனிக்கிழமை வையுங்கள், ஞாயிறு முழுக்கத் தூங்கிக்கொள்கிறோம் என்பதுதான் என் கொள்கை. முன்னுதாரணமும் இருக்கிறது. ஐரோப்பாவில் கால்பந்து சாம்பியன்ஸ் லீக் இறுதியைப் புதன்கிழமைதான் நடத்திவந்தார்கள். பிள்ளைகுட்டிகளோடு வந்து பார்க்கட்டும் என்று 2010இல் சனிக்கு மாற்றினார்கள். ஒரு குடியும் முழுகிப்போகவில்லை. அமெரிக்காவில் சூப்பர் பவுலை ஞாயிறு ராத்திரி பார்த்துவிட்டு, திங்களுக்கு லீவு விடுங்கள் என்று அவர்களும் நம்மைப் போலவே புலம்புகிறார்கள்.

இதையெல்லாம்விடப் பெரிய ஆதாரம் ஒன்று என் கையில் சிக்கியது. 2024 வரை இந்திய ஆண்கள் அணி, ஒருநாள், டி20 இரண்டிலும் சேர்த்து ஆடிய உலகக்கோப்பை இறுதிகள் ஏழு. 1983, 2011, 2024 மூன்றும் சனிக்கிழமை. மூன்றிலும் வெற்றி. 2003, 2014, 2023 மூன்றும் ஞாயிற்றுக்கிழமை. மூன்றிலும் தோல்வி. மிச்சமிருக்கும் 2007 டி20 இறுதி திங்கட்கிழமை, அதிலும் வெற்றி. எந்த ஜோசியரும் இவ்வளவு சுத்தமாகப் பலன் சொன்னதில்லை. சனி பிடிக்கும் என்று ஊரே பயப்படுகிறது. அவரோ நமக்கு மூன்று கோப்பையைப் பிடித்துக் கொடுத்திருக்கிறார்.

ஆதாரத்தை வீட்டில் சமர்ப்பித்தேன்.

"சனிக்கிழமை பெருமாளுக்கு உகந்த நாள். பிரியாணி கிடையாது" என்றார் அம்மா. வெள்ளி? விளக்கேற்றும் நேரத்தில் டி.வி. கூடாது. செவ்வாய்க்கும் கறி ஆகாது. வியாழன் மனைவிக்குச் சாய்பாபா கோயில். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பார்கள். எனக்குப் புதன் கிடைத்தாலும் லீவு கிடைக்காது. சுற்றிச் சுற்றி ஞாயிற்றுக்கிழமையிலேயே வந்து நின்றோம்.

ஞாயிறின் லட்சணத்தைத்தான் 2023 நவம்பர் 19 அன்று பார்த்தோமே. எங்கள் குடியிருப்பு மொட்டைமாடியில் திரை கட்டி, ஓர் அண்டா பிரியாணி இறக்கியிருந்தோம். டிராவிஸ் ஹெட் 137 ரன் அடித்தார். ஆஸ்திரேலியா ஏழு ஓவர் மிச்சம் வைத்து ஜெயித்தது. நாங்கள் முக்கால் அண்டா மிச்சம் வைத்தோம். திங்களன்று குடியிருப்பில் இருந்து கிளம்பிய அத்தனை டிபன் பாக்ஸிலும் அதே பிரியாணி. ஆபீஸ் இழவு வீடு மாதிரி இருந்தது. ஒருவர் வந்து உட்கார்ந்து, பெருமூச்சு விட்டு, "பிட்ச்சை ஏன் அப்படிப் போட்டான்?" என்பார். அவர் எழுந்து போனதும் அடுத்தவர் வந்து அதையே கேட்பார். ஒருவரும் வேலை பார்க்கவில்லை. ஆனால் சாயங்காலம் வீடு திரும்பும்போது நெஞ்சில் பாரம் பாதி இறங்கியிருந்தது.

நான் கேட்ட சனிக்கிழமையும் வந்தது. 2024 ஜூன் 29. பார்படாஸில் தென்னாப்பிரிக்காவை ஏழு ரன்னில் ஜெயித்தோம். ஆசைப்பட்டபடி ஞாயிறு தாமதமாக எழுந்தேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. பக்கத்து வீடு பூட்டியிருந்தது. கீழே இறங்கி வாட்ச்மேனிடம், "அண்ணே, ஜெயிச்சாச்சு!" என்றேன்.

"யாரு சார்? எலெக்‌ஷன்தான் எப்பவோ முடிஞ்சிருச்சே."

திங்களன்று ஆபீஸில் வாயைத் திறந்தால், சூரியகுமார் எல்லைக்கோட்டில் பிடித்த கேட்சை அதற்குள் ஆளுக்கு நூறு தடவை செல்ஃபோனில் பார்த்து முடித்திருந்தார்கள். மாவு புளித்துவிட்டது. கோப்பையை ஜெயித்தும் கையில் ஏதோ குறைந்த மாதிரி இருந்தது. என்னவென்று அப்போது பிடிபடவில்லை.

பிடிபட்டது 2025 நவம்பர் 2 அன்று. பெண்கள் உலகக்கோப்பை இறுதி, நவி மும்பை, ஞாயிற்றுக்கிழமை. "ஞாயிறு. தோற்றுவிடுவோம்" என்று எட்டாவது படிக்கும் மகளிடம் முன்கூட்டியே ஆறுதல் சொல்லிவைத்தேன். மழையால் இரண்டு மணி நேரம் தாமதமாகத் தொடங்கிய ஆட்டம் முடிய நள்ளிரவானது. 52 ரன்னில் வெற்றி. ஹர்மன்பிரீத் பின்னோக்கி ஓடிக் கடைசி கேட்சைப் பிடித்தபோது அப்பனும் மகளும் ஆளுக்கொரு முனையில் ஒரே துண்டைக் கவ்விக்கொண்டு குதித்தோம். 2005, 2017, 2020 என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை இறுதிகளில் தோற்ற அணி, நாலாவது ஞாயிறில் ஜெயித்திருந்தது.

"கிழமை பார்த்தாப்பா ஆடுறாங்க?" என்றாள்.

கட்சி கலைந்தது. பேச்சை மாற்றுவதற்காகப் பெருந்தன்மையோடு சொன்னேன்: "நாளைக்கு லீவு போட்டுக்கோ. தொண்டை வலின்னு லெட்டர் எழுதித் தரேன்."

முறைத்தாள். "லீவா? ஸ்கூலுக்குப் போகலைன்னா இதை யார்கிட்டப்பா பேசுறது?"

மறுநாள் ஒன்பதரைக்கு ஐந்து நிமிடம் முன்பே கைரேகை இயந்திரத்தின் முன் நின்றேன். பின்னால் மேலாளர்.

"என்ன, இன்னைக்குத் தொண்டை கட்டலையா?"

"கட்டியிருக்கு சார். அதான் வந்தேன்."