தள்ளு லென்ஸும் உப்புக் காற்றும்: இராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான கரையை முன்வைத்து ஓர் ஆய்வு

பிலிம் போடும் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களில் ஒரு வகை லென்ஸ் உண்டு. படம் எடுக்கும் முன் குழாயை வெளியே இழுத்து, சற்றுத் திருகிப் பூட்ட வேண்டும். எடுத்து முடித்ததும் பூட்டைத் திருகி உள்ளே தள்ளிவிட்டால் கேமரா தட்டையாகிச் சட்டைப் பையில் உட்கார்ந்துகொள்ளும். விவரம் தெரிந்தவர்கள் இதைக் கொலாப்சிபிள் என்பார்கள். ஆய்வின் வசதிக்காக நாம் தள்ளு லென்ஸ் என்று வைத்துக்கொள்வோம். 1925-இல் லைப்சிக் சந்தையில் லைட்ஸ் நிறுவனம் முதல் லைகாவைக் கொண்டுவந்து வைத்தபோதே அதில் இருந்தது இந்த வகைதான். கேமராவை உருவாக்கியவர் ஆஸ்கர் பர்னாக், லென்ஸைக் கணக்கிட்டவர் மாக்ஸ் பெரெக். 1930-களில் சோவியத் நாட்டின் ஃபெட், போருக்குப் பிறகு சோர்க்கி என்று அதன் நகல்களும் அதே குழாயோடு வந்தன. ஆக, குழாய்க்கு வயது நூறு தாண்டிவிட்டது. இந்த நூறு ஆண்டுகளாக இதைப் பற்றிப் பேசியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி ஒன்றுதான்: உள்ளே தள்ளினால் லென்ஸ் கேமராவைக் கெடுத்துவிடுமா? வடசென்னைக் கரையைப் பொறுத்தவரை இந்தக் கேள்வியே தலைகீழாகக் கேட்கப்பட்டிருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டில் நிற்பவர் கேட்க வேண்டியது, லென்ஸ் வழியாக ஊர் கேமராவுக்குள் போய்விடுமா என்பதே.

பிறர் கொள்கையை முதலில் நேர்மையாக எடுத்துச் சொல்லிவிட்டுப் பிறகு மறுப்பது நம் உரையாசிரியர்களின் வழக்கம். இவ்விஷயத்தில் மூன்று கட்சிகள் உள்ளன: தள்ளார், தள்ளுவார், பட்டையிடுவார். தள்ளார் கட்சிக்கு வலுவான ஆதாரம் இருக்கிறது. 1971-இல் வந்த லைகா எம்5, 1973-இல் வந்த லைகா சிஎல் ஆகிய இரண்டிலும் வெளிச்சம் அளக்கும் செல் ஒரு சின்னக் கையின் நுனியில் அமர்ந்து, ஷட்டர் திரைக்கு நேர் முன்னால் நிற்கும். பட்டனை அழுத்தினால் அந்தக் கை ஒதுங்கும், திரை ஓடும். அடுத்த படத்துக்குப் பிலிமைச் சுற்றினால் மறுபடி எழுந்து நிற்கும். அப்படி நிற்கிற நேரத்தில் எதிரே ஒரு பித்தளைக் குழாய் வந்து இடித்தால் என்ன ஆகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. தள்ளுவார் கட்சியோ பழைய திருகு மரை லைகாக்களையும், ஃபெட், சோர்க்கியையும், 1954-இன் எம்3-ஐயும், 1984-இன் எம்6-ஐயும் சாட்சிக்கு அழைக்கும். இவற்றில் கை எதுவும் கிடையாது. எம்6 திரையின்மேல் உள்ள வெள்ளைப் புள்ளியிலிருந்து திரும்பும் வெளிச்சத்தை ஓரமாக நின்று அளந்துகொள்கிறது. குழாய் இடிக்க அங்கே ஆள் இல்லை. பட்டையிடுவார் நடுநிலைக்காரர்கள். குழாயைச் சுற்றிப் பெயரெழுதும் டைமோ பட்டையோ ரப்பர் வளையமோ மாட்டிவிட்டால் அது பாதியிலேயே நின்றுவிடும், கையும் பிழைக்கும், பையிலும் ஓரளவு அடங்கும் என்பது அவர்கள் சித்தாந்தம். நல்ல யோசனைதான். ஆனால் டைமோ கிடைக்கவில்லை என்று எலக்ட்ரீஷியனின் கறுப்பு டேப்பைச் சுற்றுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: மே மாத இராயபுரத்தில் அந்தப் பசை ஒட்டிய இடத்தில் நிற்காது, இளகி வழியும்.

இம்மூவரிடமும் ஒரு நுட்பம் கற்றுக்கொள்ளலாம் என்பதை மறுப்பதற்கில்லை. ஃபோகஸ் வளையம் முடிவிலியில் இருக்கும்போதுதான் லென்ஸ் கேமராவை மிகவும் நெருங்கியிருக்கிறது. அந்த நிலையில் தள்ளினால் குழாய் மிக ஆழமாகப் போகும். ஒரு மீட்டருக்குத் திருப்பி வைத்தால் 50 மி.மீ. லென்ஸ் ஏறத்தாழ 2.6 மி.மீ. முன்னால் வந்துவிடுகிறது. சந்தேகத்துக்குரிய கேமராவில் முதன்முதலாகத் தள்ளிப் பார்ப்பவருக்கு இந்த 2.6 மி.மீ. உயிர்நாடி. தள்ளிய பிறகு வளையத்தை மறந்துபோய் முடிவிலிக்குத் திருப்பினால் கிடைத்த இடம் பறிபோகும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முடிவாக, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத கேமராவில் தள்ளாதே என்பது எல்லா ஊருக்கும் பொதுவிதி. இதுவரை தள்ளார் கட்சியோடு நமக்குத் தகராறு இல்லை.

தகராறு இனிமேல்தான். மூன்று கட்சியினருமே குழாயை, தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளும் ஆமை என்று பாவித்து விட்டார்கள். உள்ளே போனால் பத்திரம், போக இடமில்லாவிட்டால் ஆபத்து, அவ்வளவே. இது நிலத்து ஆமையைப் பார்த்தவர்களின் சிந்தனை. ஆண்டின் தொடக்க மாதங்களில் சென்னைக் கடற்கரைக்கு முட்டையிட வருவது பங்குனி ஆமை. கடலாமைக்குத் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளத் தெரியாது. எந்தப் பிராணியானாலும் இந்தக் கரைக்கு வந்தால் நீட்டிய தலையோடுதான் திரிய வேண்டும் என்று இயற்கையே ஒரு முன்மாதிரி வைத்திருக்கும்போது, லென்ஸ் மட்டும் விலக்கு கேட்பதற்கு நியாயம் காணோம். இது உவமைதான், ஆதாரம் ஆகாது என்பார்க்கு ஆதாரமும் தருகிறோம். தள்ளு லென்ஸ் ஒரு பம்பு. குழாயின் விட்டம் மூன்றரை செ.மீ., அது நகரும் தூரம் இரண்டு செ.மீ. என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் ஏறத்தாழ 19 கன செ.மீ. காற்று கேமராவுக்குள் போகிறது. தள்ளும்போது அதே அளவு வெளியேறுகிறது. இந்தக் கேமராக்களில் காற்றையோ தூசியையோ தடுக்க ரப்பர் அடைப்பு கிடையாது. குழாயைச் சுற்றியுள்ள இடுக்குதான் மூக்கு. வெளியேறும் காற்று தான் கொண்டுவந்ததையெல்லாம் திருப்பி எடுத்துக்கொண்டு போகும் என்று நம்புகிறவர்கள் எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி வரிசைக்குப் பின்னால் ஒருமுறை ஸ்கூட்டர் ஓட்டிப் பார்க்கலாம்.

அந்த 19 கன செ.மீ.க்குள் என்ன இருக்கிறது என்பதே ஆய்வின் மையம். முதலில் உப்பு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோற்றுப்பு தானாகவே ஈரத்தை இழுத்து நீராகிவிடும்; இந்தக் கரையில் விடியற்காலைகள் பெரும்பாலும் அந்தக் கோட்டுக்கு மேல்தான். ஆகவே உள்ளே போவது தூளாகப் போய்ச் சொட்டாகத் தங்குகிறது. இராயபுரத்து ஜன்னல் கம்பிகள் எதனால் செதில் செதிலாக உரிகின்றன என்று கேட்டால் யாரும் சொல்வார்கள். அடுத்தது சாம்பல். எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-இலிருந்து 2017 வரை ஓடியது. வடசென்னை அனல்மின் நிலையம் 1994-இலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. நிலக்கரிச் சாம்பலின் பெரும்பகுதி சிலிக்காவும் அலுமினாவும் சேர்ந்த நுண்ணிய கண்ணாடி உருண்டைகள். குழாய்க்கும் அதன் உறைக்கும் நடுவே உள்ள கிரீஸில் இவை கலந்தால் கிடைப்பது சாணைக்காரர் வாங்கி வைக்கத் தகுந்த சரக்கு. ஒவ்வொரு தள்ளலும் குழாயின்மேல் ஒரு தேய்ப்பு. மூன்றாவது நிலக்கரித் தூள். உயர் நீதிமன்ற உத்தரவால் 2011-இல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் இறக்குவது நின்று, அந்த வேலை எண்ணூருக்குப் போனது. அதுவரை இராயபுரத்து மொட்டை மாடிகளில் காய்ந்த வெள்ளை வேட்டிகள் இதற்குச் சாட்சி. பிற்காலத்தில் யாராவது வடசென்னையின் பழைய லென்ஸ் குழாய்களைச் சேகரித்தால், 2011-க்கு முந்தைய இராயபுரப் படிவு, பிந்தைய எண்ணூர்ப் படிவு என்று கால வரிசைப்படுத்த வாய்ப்பிருக்கிறது. கீழடிக்குக் கொடுத்த கவனத்தில் ஒரு துளி போதும்.

உப்புக் காற்று மெரினாவிலும் பெசன்ட் நகரிலும்தான் அடிக்கிறது, வடசென்னைக்கு மட்டும் ஏன் தனி விதி என்று தென்சென்னைவாசிகள் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. அங்கே உப்பு தனியாக வருகிறது. இங்கே துணையோடு வருகிறது. உப்பின் ஈரம் சாம்பலைப் பிடித்து வைத்துக்கொள்ளும், சாம்பல் உப்பைத் தேய்த்து உள்ளே ஏற்றும். போதாததற்கு எண்ணெய். 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கசிந்த எண்ணெயை, வாளியால் மொண்டு மொண்டு எடுத்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் மறுபடி எண்ணெய் பரவியது. அந்தக் கரையில் நடந்த யாருடைய விரலும் சுத்தமாக இருந்திருக்க முடியாது. குழாயை வெளியே இழுக்க விரல் பட்டாக வேண்டும். பட்ட விரல் விட்டுச்சென்றதைக் குழாய் அடுத்த தள்ளலில் பத்திரமாக உள்ளே கொண்டுபோய்ச் சேர்க்கும். வாளி கொடுத்தவர்கள் லென்ஸ் துடைக்கத் துணி கொடுத்ததாகத் தெரியவில்லை.

இனி மிக வலுவான ஆட்சேபம். ரேஞ்ச்ஃபைண்டரில் வெளிச்சத்தைத் திருப்பிவிடும் கண்ணாடி கிடையாது. லென்ஸுக்குப் பின்னால் நேரே ரப்பர் பூசிய துணித் திரை. நீட்டிய லென்ஸைச் சூரியனைப் பார்க்க விட்டால் பூதக்கண்ணாடி வேலை செய்து திரையில் ஓட்டை விழும். அதற்குப் பிறகு எடுக்கும் படங்களில் எல்லாம் ஒரு வெள்ளைப் புள்ளி கூடவே வரும். காசிமேட்டிலோ சூரியன் கடலிலிருந்து நேராக மார்புக்கு எதிரே எழுகிறது. உள்ளே தள்ளி வைத்தால் குவியம் கலைந்துவிடும், ஆகவே தள்ளுவதே பாதுகாப்பு என்பார் தள்ளுவார். கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர்கள் பக்கம்தான் நியாயம் இருப்பதாகத் தோன்றுகிறது. 50 மி.மீ. லென்ஸ் விழச்செய்யும் சூரியப் பிம்பம் அரை மி.மீ.க்கும் சற்றுக் குறைவு. எஃப்/3.5 துவாரமுள்ள அதே லென்ஸை இரண்டு செ.மீ. உள்ளே தள்ளினால் வெளிச்சம் ஏறத்தாழ ஐந்தரை மி.மீ. வட்டமாகப் பரவுகிறது, சூடு நூறு மடங்குக்கு மேல் நீர்த்துப்போகிறது. தள்ளாமல் துவாரத்தை எஃப்/16-க்குச் சுருக்கினாலோ இருபது மடங்குதான் குறையும். ஆனால் கேமராவைத் திருப்பி, லென்ஸ் சட்டையைப் பார்க்கும்படி தொங்கவிட்டால் சூரியனின் பங்கு பூஜ்யம் என்பதை எந்தக் கட்சியும் கணக்கில் சேர்க்கவில்லை. சட்டையில் வியர்வை இருக்குமே, அதுவும் உப்புதானே எனின், உப்புதான். ஆனால் அதில் சாம்பல் இல்லை.

மூடி போட்டு வைத்தால் போகிறது என்பாரும் உளர். ரேஞ்ச்ஃபைண்டரின் வ்யூஃபைண்டர் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை, தனி ஜன்னல் வழியாகப் பார்க்கிறது என்பதை அவர்கள் மறந்தார்கள். மூடி இருந்தாலும் உலகம் பளிச்சென்றுதான் தெரியும். குழாய் உள்ளே கிடந்தாலும், பாதி இழுத்துப் பூட்டாமல் நின்றாலும் அப்படியே. ஃபோகஸ் காட்டும் இரட்டை உருவங்கள்கூட ஒழுங்காக ஒன்றுசேரும், ஏனென்றால் அவை வளையத்தோடு இணைந்தவை, குழாயோடு அல்ல. விடியுமுன் காசிமேட்டு ஏலத்தை நினைத்துப் பாருங்கள். தலைக்கு மேல் மீன்கூடை போகிறது, அதன் தண்ணீர் தோளில் சொட்டுகிறது, காலடியில் ஐஸ் நொறுங்குகிறது, ஏலம் விடும் அம்மா மூச்சு விடாமல் விலையை ஏற்றிக்கொண்டே போகிறார், பின்னாலிருந்து யாரோ ‘ஏ, வழி வுடு நைனா’ என்று தள்ளுகிறார். அந்த நேரத்தில் குழாயை இழுத்தோமா, திருகினோமா, பூட்டு விழுந்ததா என்று நிதானிக்க யோகிகளால்தான் முடியும். ஒரு தடவை இழுத்துப் பூட்டியதைத் திரும்பத் தள்ளவே இல்லையென்றால் மறதிக்கு இடமே இல்லை. தள்ளிவிட்டு மறந்தவருக்கு 36 படமும் கலங்கல். இன்றைக்கு ஒரு ரோல் விலைக்கும் கழுவும் கூலிக்கும் சேர்த்து அதே ஏலத்தில் வஞ்சிரமே வாங்கியிருக்கலாம்.

அப்படியானால் தள்ளு லென்ஸை எதற்கு வாங்குவது, நிலையான குழாயுள்ள லென்ஸே போதுமே என்பது கடைசி ஆட்சேபம். பலர் இதைப் பெரிய வெற்றியாக நினைத்துக் கேட்கிறார்கள். தட்டையாவதன் பயன் பயணத்தில் இருக்கிறது என்பது ஐரோப்பிய மலையேறிகளின் அனுபவம். சென்னையில் அதன் பயன் வீட்டில் இருக்கிறது. லென்ஸுக்குள் ஃபங்கஸ் படரும் ஊரில் கேமரா தன் வாழ்நாளின் பெரும்பகுதியைச் சிலிகா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில்தான் கழிக்கிறது. தட்டையான கேமராவுக்குச் சின்ன டப்பா போதும். மற்றபடி, தெருவில் நின்று குழாயைத் தள்ளுவதும் இழுப்பதும் பெரும்பாலும் தேவைக்காக நடப்பதில்லை. பூட்டு விழும்போது விரல் நுனியில் ஒரு சுகம் இருக்கிறது. டீ வரும்வரை, லாரி நகரும்வரை, ரயில்வே கேட் திறக்கும்வரை கை சும்மா இருப்பதில்லை. பம்பு ஓடிக்கொண்டே இருக்கிறது. எந்தக் கையேடும் இந்தப் பழக்கத்தைப் பற்றி எச்சரிக்காதது வியப்பு.

ஆகவே விதி இது: புறப்படும் முன் வீட்டில் ஒருமுறை இழுத்துப் பூட்டுக, திரும்பி வந்து, குழாயைத் துடைத்து, மின்விசிறியை நிறுத்தி, ஒருமுறை தள்ளுக. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை உண்டே, அப்போதாவது கரையில் தள்ளலாமா எனின், தடை மீனுக்குத்தான், சாம்பலுக்கு யாரும் தடை போடவில்லை. தீராத சிக்கல் ஒன்று மட்டும் மிச்சம். வீட்டுக்கு வந்து தள்ளு என்ற விதி, அண்ணா நகரிலிருந்து காலையில் வந்து படம் எடுத்துவிட்டுப் போகிறவருக்குப் பொருந்தும். திருவொற்றியூரிலும் எர்ணாவூரிலும் குடியிருப்பவருக்கு வெளியே உள்ள காற்றுதான் கூடத்திலும். காலையில் துடைத்த ஜன்னல் திட்டில் மாலையில் விரலால் பெயர் எழுதலாம். இவர்களுக்கு, பீரோக் கதவைத் திறந்து, புடவைகளுக்கு நடுவே இரண்டு கையையும் கேமராவோடு நுழைத்து, அங்கேயே தள்ளிவிட்டுக் கையை எடுப்பதைத் தவிர வேறு வழி எதுவும் இந்த ஆய்வுக்கு எட்டவில்லை.