கொசுறு சம்ரட்சணம்

காசு கொடுத்து வாங்கிய காய்கறிகளைக் கெடாமல் காப்பாற்றுவதில் நம் குடும்பங்களுக்குப் பிரமாதமான சிரமம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. பூசணிக்காய் உறியிலே மாதக்கணக்கில் தொங்கும். சேனைக்கிழங்கு ஒரு மூலையில் கிடந்து தன் பாட்டுக்குத் தவம் செய்யும். உருளைக்கிழங்கோ முளைவிட்டாவது தன் பிராணனைத் தானே ரட்சித்துக்கொள்ளும். கணக்கெல்லாம் முடிந்து, தராசும் கீழே இறங்கிய பிறகு, "போகட்டும், வெச்சுக்குங்க" என்று காய்கறிக்கார அம்மாள் பையின் வாய்ப்புறமாகச் செருகிவிடுகிற கறிவேப்பிலைக் கொத்தும் மல்லித்தழையுமே, விலையில்லாமல் வந்த தைரியத்தில் வீட்டையே ஆட்டிவைக்கின்றன.

வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரலாமே என்று கேட்பவர்கள் குடும்ப வாழ்க்கையை அறியாதவர்கள். கடைத்தெருவிலிருந்து திரும்பும் புருஷனிடம் எங்கள் வீட்டில் முதலில் விசாரிக்கப்படுவது கத்தரிக்காயின் விலையன்று, "கொசுறு போட்டாளா?" என்பதுதான். கத்தரிக்காயில் புழு இருந்தால் அது கத்தரிக்காயின் குற்றம். கொசுறு இல்லாமல் வந்தால் அது வந்தவனுடைய சாமர்த்தியக் குறைவு. ஆகவே கேட்டு, கெஞ்சி, சில சமயம் கோபித்துக்கொண்டும் வாங்கி வருகிறோம். ஆனால் மல்லியோ கை நிறைய வருகிறது. ரசமோ இரண்டு இணுக்குக்கு மேல் கேட்பதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே மிஞ்சி நிற்கும் பசுமையைப் பற்றித்தான் இங்கே சொல்ல வந்தேன்.

கறிவேப்பிலையைப் பற்றி அதிகக் கவலை வேண்டியதில்லை. காரியம் ஆனதும் ஒதுக்கித் தள்ளப்படுகிறவர்களுக்கெல்லாம் நாம் அதன் பெயரைத்தான் சூட்டுகிறோம். ஆயினும் அந்த அவமானத்தையெல்லாம் பொருட்படுத்தாமல், ஈரமில்லாத டப்பாவில் உருவிப் போட்டுவைத்தால் வாரத்துக்கு மேலும் முகம் வாடாமல் அது கிடக்கும். பரம்பரைப் பெருமையும் அதற்கு உண்டு. மாதுளங்காயை வெண்ணெயிலே வேகவைத்து, மிளகுப் பொடியும் கறிவேப்பிலையும் கலந்து விருந்தாளிக்கு இட்ட செய்தியைப் பெரும்பாணாற்றுப்படை சொல்கிறது. அந்த நூலைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், கொத்தில் மீதியிருந்த இலைகளை அந்த வீட்டு அம்மாள் எங்கே எடுத்து வைத்தாள் என்பதையும் ஓர் அடியில் சொல்லியிருந்தால் பிற்காலத்தாருக்குப் பேருபகாரமாக இருந்திருக்கும்.

சங்கடமெல்லாம் மல்லித்தழையிடத்தில்தான். பறித்த பிறகும் இலை சுவாசித்துக்கொண்டேயிருக்கிறது. அதன் கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் வழியே நீர் ஆவியாகிப் போய்க்கொண்டேயிருக்கிறது. போன நீரை ஈடு செய்ய மண்ணிலே வேர் இல்லை. சரி, நீர்தானே குறை என்று நாம் தாராளமாகத் தெளித்து, பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டினால், பையின் உட்புறமெல்லாம் வியர்த்து, மூன்றாம் நாள் பச்சை நிறத்தில் ஒரு குழம்பு நம்மை வரவேற்கிறது. உபசாரம் குறைந்தால் முகம் சுருங்குவதும், கூடினால் வேறு விதமாகக் கெட்டுப்போவதும் சம்பந்தி வீட்டாருக்கு அடுத்தபடி நான் மல்லியிடத்திலேதான் கண்டிருக்கிறேன். போதாக்குறைக்கு, பழுத்த வாழைப்பழத்தின் பக்கத்தில் வைத்தால், அதிலிருந்து வெளிப்படும் எத்திலீன் என்னும் வாயு பட்டு இலை விரைவிலே மஞ்சளாகிவிடுமாம். எங்கள் வீட்டில் பழத்தட்டுக்கும் மல்லிக்கும் பரம்பரையாக ஒரே அலமாரிதான்.

இந்த இக்கட்டைத் தீர்க்க எங்கள் வீட்டில் ஒன்றுக்கொன்று விரோதமான பல சித்தாந்தங்கள் நிலவுகின்றன. என் மாமியார் வெற்றிலை சம்பிரதாயத்தைச் சேர்ந்தவர். வெற்றிலையை ஈரத்துணியிலும் வாழைப்பட்டையிலும் சுற்றி, நாள்தோறும் பிரித்து, அழுகத் தொடங்கிய இலையை நடுநிலை தவறாமல் களைந்தெறிந்து, மீதியைத் துடைத்து அடுக்கி நாள்கணக்கில் காப்பாற்றிய கை அது. மல்லிக்கட்டை அவிழ்த்ததும், முதலில் பழுத்ததையும் நைந்ததையும் பொறுக்கி நீக்காமல் வேறு எதைச் செய்தும் பிரயோஜனம் இல்லை என்பது அவருடைய கட்சி. ஓர் அழுகல் இலை கட்டையே கெடுத்துவிடும் என்ற அந்த வாக்கை மறுக்க இதுவரை எனக்கு ஓர் ஆதாரமும் அகப்படவில்லை.

எதிர்வீட்டு நண்பர், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், பத்திரிகைக் கட்சி. கழுவாமல், வேரை மட்டும் நறுக்கி, செய்தித்தாளில் சுருட்டி வைத்தால் மிதமிஞ்சிய ஈரத்தைக் காகிதம் உறிஞ்சிக்கொள்ளும் என்பார், அது உண்மைதான். ஆனால் மல்லி எடுக்கப் போகிறவர், சுற்றியிருக்கும் தாளின் பழைய செய்திகளை அங்கேயே நின்று ஆதியோடந்தமாக வாசித்து முடிக்கும் வரையில் அவர் வீட்டு ரசம் கொதித்துக்கொண்டேயிருக்கும்.

நான் வேரோடு ஒரு டம்ளர் தண்ணீரில் நிறுத்தி, தலைக்கு மேலே ஒரு பையைத் தளர்வாகக் கவிழ்த்து, தினமும் தண்ணீரை மாற்றுகிற கட்சியைச் சேர்ந்தவன். இதில் பலனும் உண்டு, அழகும் உண்டு. ஒரு முறை பையை எடுத்துவிட்டு டம்ளரைக் கூடத்து மேஜைமேல் வைத்திருந்தபோது, வந்திருந்த கலாரசிகர் ஒருவர் அதைப் பல கோணங்களில் நின்று பார்த்து, ஜப்பானியருடைய இகெபானா என்னும் மலர் அலங்காரக் கலையைப் பற்றி அரைமணி நேரம் பிரசங்கம் செய்தார். நடுவிலே என் மனைவி வந்து, அந்த அலங்காரத்தில் இரண்டு இணுக்கைக் கிள்ளிக்கொண்டு போனாள். பிரசங்கம் அத்துடன் நின்றது.

குளிர்சாதனப் பெட்டி வந்தபின் இந்தப் பூசல்களெல்லாம் ஓய்ந்துவிடும் என்று நம்பினோம். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை வைக்க 1842-இல் சென்னைக் கடற்கரையிலே ஒரு மாளிகையே கட்ட வேண்டியிருந்ததையும், இன்று அந்தக் குளிர் நம் சமையலறைக்குள் நின்று உறுமிக்கொண்டிருப்பதையும் எண்ணினால் மெய்சிலிர்க்கத்தான் செய்கிறது. ஆனால் பனி உறையும் தட்டை ஒட்டி வைத்த மல்லி, உள்ளிருக்கும் நீர் உறைந்து இலையின் நுண்ணறைகளைக் கிழித்துவிடுவதால், வெளியே எடுத்ததும் கறுத்துத் துவண்டு விழுகிறது. அப்புறம் அதைச் சட்னிக்கு அரைக்கலாமே தவிர, ரசத்தின் மேல் தூவிக் கௌரவம் தேட முடியாது. ஆகவே முன்னதாகவே அரைத்து, ஐஸ் தட்டின் குழிகளில் வார்த்து வைக்கிற புத்திசாலிகள் இருக்கிறார்கள். அப்படிச் செய்த வீடொன்றில் எனக்குக் கிடைத்த எலுமிச்சை ரசத்தில் பச்சையாக ஒரு கட்டி மிதந்தது. விருந்தாளி என்பதால் குடித்தேன்.

உலர்த்தி வைப்பது இன்னொரு மார்க்கம். கறிவேப்பிலைக்கு அது பொருந்தும். நிழலில் உலர்த்தி, உளுந்தும் மிளகும் பெருங்காயமும் சேர்த்துப் பொடித்தால் சுடுசோற்றுக்கு அமிர்தம். மல்லியின் மணமோ காற்றிலே பறந்துபோகும் ஜாதி. உலர்ந்தால் நிறம் மட்டும் கொஞ்சம் தங்கும், மணம் விடைபெற்றுக்கொள்ளும். புதினாவுக்கு உலர்வதும் பொருந்தும், நடுவதும் பொருந்தும். இலையைக் கிள்ளிவிட்டு மிஞ்சிய தண்டை ஈரமண்ணில் செருகினால் வேர்விட்டு, சில மாதங்களில் தொட்டியை விட்டு இறங்கி அடுத்த தொட்டியின்மேல் பாத்தியதை கொண்டாடும்.

கடைசியில் எல்லாக் கட்சியும் வந்து சேருமிடம் தொக்கு. தொக்குக்கு மல்லியைக் கழுவியாக வேண்டும்; கழுவியபின் ஒரு பொட்டு ஈரமும் இருக்கக் கூடாது, இருந்தால் பூசணம் பூக்கும். ஆகையால் என்னுடைய வேட்டி ஒன்று, நல்ல வேட்டிதான், கூடத்தில் விரிக்கப்பட்டு, அதன்மேல் இலைகள் ஒன்றோடொன்று தொடாமல் பரப்பப்படுகின்றன. மின்விசிறியை மெதுவாக ஓட்டினால் இலை உலர மறுக்கிறது. வேகமாக ஓட்டினால் இலைகள் எழுந்து பூஜை அறை வரையில் யாத்திரை போகின்றன. இறுதியில் இலை பறக்காமலிருக்கும் பொருட்டு விசிறி நிறுத்தப்பட்டு, சித்திரை மாதத்து மத்தியானத்தில் குடும்பம் முழுவதும் வியர்க்க வியர்க்கச் சுவரோரமாக நடந்து அந்த வேட்டியைப் பிரதட்சிணம் செய்கிறது. பிறகு நல்லெண்ணெய், புளி, வற்றல் மிளகாய், உப்பு, துளி வெல்லம்; எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும் வரையில் கிளறல். சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம் என்று பெரியோர் சொன்னார்கள். இங்கே சுண்டைக்காய்க்குக் கால்பணம்கூட இல்லை, நல்லெண்ணெய்க்குக் கொடுத்த பணத்தை நான் சொல்ல விரும்பவில்லை.

செய்த தொக்கும் மிஞ்சும் அல்லவா? அதில் ஒரு கிண்ணம் எதிர்வீட்டுக்குப் போயிற்று. வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது நம் ஜனங்களிடத்தில் வழக்கமில்லையே. நண்பருடைய மனைவி கிண்ணத்தோடு, தங்கள் கொல்லையில் நிற்கும் முருங்கையிலிருந்து ஒரு பெரிய கிளையையே ஒடித்துக் கொடுத்தனுப்பிவிட்டார். முருங்கைக் கிளையைத் துணியிலே இறுகச் சுற்றி ராத்திரி முழுவதும் வைத்திருந்தால் காலையில் இலைகள் தாமாகவே உதிர்ந்துவிடும். உருவுகிற வேலை மிச்சம் என்று மாமியார் சொன்னார். அதற்குத் தோதான துணி எது என்று யாரும் யோசிக்கவே இல்லை. நான் துண்டைக் கட்டிக்கொண்டு படுத்தேன்.