பாட்டி கத்திக்குப் பிடி வைத்தியம்

பழைய சமையல் கத்தியின் மரப்பிடியைச் சீர்செய்ய முதலில் தேவை ஒரு வெள்ளிக்கிழமை. பாட்டி கோயிலுக்குப் போயிருக்க வேண்டும். பிரிஞ்சாங் பாசார் மாலாமில் புதுக் கத்தியே வாங்கலாமே என்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பிடியை முகர்ந்து பாருங்கள். வெங்காயம், நெத்திலி, பத்து வருஷத்து மஞ்சள். துவைத்த துணியே மூன்று நாள் காயாத கேமரன் மலையில் ஈர மரத்தில் பூஞ்சை பூக்காவிட்டால்தான் அதிசயம். அதற்காக வாளியில் ஊறப்போடாதீர்கள். நான் போட்டேன். மரம் உப்பியது, காயும்போது சுருங்கி விரிசல் கண்டது, ரிவெட்டு லொடலொடவென்று ஆடியது. ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்தினால் போதும்.

அடுத்து, பக்கத்து லயத்து மாமா யோசனை சொல்ல வருவார். ரஸ்ஸல் துரை 1929-இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய நாள்முதல் இந்த மலையில் வயிற்றுவலிக்கும் மனக்கவலைக்கும் தேத்தண்ணிதான் மருந்து. கத்திக்கும் அதையே சொல்வார். கேட்காதீர்கள். தேயிலையின் துவர்ப்பு இரும்புத்துருவோடு சேர்ந்தால் கன்னங்கரேலென்று ஆகும். அந்தக் காலத்தில் எழுதும் மை காய்ச்சியதும் இதே வித்தையில்தான். கத்தியால் கடிதம் எழுதும் உத்தேசம் இருந்தால் தாராளமாக ஊற்றுங்கள்.

பிறகு உப்புத்தாள். மரத்தின் ரேகை போகும் வழியே, மெதுவாக. பிடியின் மேல்புறம் ஒரு சின்னப் பள்ளம் தெரியும். அதையும் விடாமல் தேய்த்துச் சமமாக்கினேன். பார்க்க அழகாக இருந்தது.

எண்ணெய் விஷயம் கொஞ்சம் பெரிது. தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும்; இங்கே காலையில் போத்தலைக் கவிழ்த்தாலும் சொட்டாது. வெயிலுக்குக் காத்திருந்து தடவினாலும் மரத்துக்குள் அது காயாது, நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும். ஆளிவிதை எண்ணெய் காற்றுப் பட்டு இறுகும். சாப்பிடும் தரத்தில் வாங்குங்கள், பெயிண்ட் கடைச் சரக்கு வேண்டாம். தடவிய துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காயவையுங்கள். சுருட்டினால் தானே சூடேறித் தீப்பிடிக்கும்; லயத்தில் வீடுகள் ஒட்டிக்கொண்டிருப்பதை மறக்க வேண்டாம்.

கடைசியாக, கத்தியைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு அடுக்களையை விட்டு வெளியேறுங்கள்.

பாட்டி வந்தார். கத்தியை எடுத்தார். கட்டைவிரல் பள்ளத்தைத் தேடியது.

“யாரு கத்திடா இது? வழுக்குது.”

பழைய சைக்கிள் டியூபைக் கீறிப் பிடியில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு, கீரை அரிய உட்கார்ந்தார்.