திட்டமாகப் போடு

அளவை மட்டும் கேட்டுவிடக் கூடாது. கொரியாவில் கிம்ச்சி என்கிற கோஸ் ஊறுகாய் போடும் அம்மாமார்களிடம் அதற்கு ஒரே பதில்தான்: "ஜொக்தாங்ஹி." நம் ஊர் ஆச்சிகள் "திட்டமாப் போடு" என்பார்களே, அதேதான். மருமகள் டிஜிட்டல் தராசும் கையுமாக நிற்பாள். மாமியார் அந்தத் தராசை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்.

நவம்பர் குளிர் கடிக்கத் தொடங்கியதும் இந்த அம்மாளுக்குச் சாமி வந்துவிடும். குட்டையாக வெட்டிச் சுருட்டிவிட்ட முடி, முழங்கைவரை இளஞ்சிவப்பு ரப்பர் கையுறை, முன்னால் குழந்தையைக் குளிப்பாட்டலாம் போன்ற ரப்பர் தொட்டி. குடும்பமே கூடி கோடைக்காலத்து வடகம்போல மொத்தமாகக் கிம்ச்சி போட்டுவைக்கும் இந்தச் சடங்குக்குக் கிம்ஜாங் என்று பெயர். 2013இல் யுனெஸ்கோ இதை மானுட மரபுப் பட்டியலில் சேர்த்தது. அம்மாளின் இடுப்புவலிக்கு அதனால் ஒரு நிவாரணமும் கிடைக்கவில்லை. "இந்த வருஷத்தோடு சரி, இனிமேல் கடையில் வாங்கித் தின்னுங்கள்" என்று வருஷா வருஷம் அறிவிப்பார். போன வருஷம் 20 கோஸ் என்றால் இந்த வருஷம் 30 வந்து இறங்கியிருக்கும்.

நீளவாக்கில் பிளந்த கோஸ் ராத்திரி முழுக்கக் கல்லுப்பில் ஊற வேண்டும். காலையில் அதன் வெள்ளைத் தண்டை வளைத்துப் பார்ப்பார். ஒடிந்தால் இன்னும் ஊறவில்லை. மிளகாய்த்தூள், பூண்டு, இஞ்சி, முள்ளங்கி, உப்பில் ஊறிய குட்டி இறால், அரிசிமாவுக் கஞ்சி எல்லாம் சேர்த்துப் பிசைந்த மசாலாவை இலை இலையாகப் பிரித்துத் தடவுவார். நடுவே மஞ்சள் குருத்திலை ஒன்றைக் கிள்ளி, மசாலாவைச் சுருட்டி, பக்கத்தில் நிற்பவர் வாயில் திணிப்பார். "உப்பு எப்படி?" கண்ணில் நீர் முட்ட நாம் தலையாட்டினால், "இன்னும் கொஞ்சம் போடணும்" என்று அவரே முடிவு செய்துகொள்வார். பிறகு எதற்கு நம்மைக் கேட்டார் என்பது தெரியாது.

முன்பு ஜாடியை மண்ணில் புதைத்தார்கள். இப்போது பல வீடுகளில் கிம்ச்சிக்கென்றே தனி ஃபிரிட்ஜ் இருக்கிறது. அதன் அடித்தட்டில் மாதக்கணக்கில் புளித்துக் கிடப்பதுதான் ஜிகே என்கிற குழம்புக்கு ஏற்றது. புதுக் கிம்ச்சியில் ஜிகே வைக்கும் மருமகளை இவர் மன்னிப்பதில்லை. பன்றிக்கொழுப்பில் கிம்ச்சியை வதக்கி, அரிசி களைந்த தண்ணீரை ஊற்றி, கடைசியில் டோஃபுவைப் போட்டு, மண்சட்டி கொதிக்கக் கொதிக்க மேசைக்கு வரும். வீட்டுக்காரர் ஒரு கரண்டி உறிஞ்சி, வியர்வை வழிய "சிவொன்ஹாதா!" என்பார். குளுகுளுவென்று இருக்கிறது என்று அர்த்தம். கொரியர்கள் நாக்கு வெந்தபின்தான் இப்படிச் சொல்கிறார்கள்.

பேரன்களுக்கோ பூதே ஜிகேதான் வேண்டும். கொரியப் போருக்குப் பிந்தைய பஞ்சத்தில், அமெரிக்கப் படைமுகாம்களிலிருந்து வந்த டப்பா இறைச்சியையும் சாசேஜையும் கொதிக்கவைத்துப் பிறந்த குழம்பு அது. இப்போது நூடுல்ஸும் சேர்கிறது. "இதெல்லாம் ஒரு சாப்பாடா?" என்பார் அம்மாள், மூன்றாவது கரண்டி போட்டுக்கொண்டே.

ருசியின் ரகசியம் கேட்டால் "சொன்மாத்" என்பார். நம் கைப்பக்குவம். ஒருநாள் மருமகள் உப்பு ஜாடிக்குப் பின்னால் மாட்டிறைச்சிச் சுவைத்தூள் பொட்டலம் ஒன்றைக் கண்டெடுத்தாள்.

"அம்மா, இதை எவ்வளவு போடுவீங்க?"

"ஜொக்தாங்ஹி."

கிம்ஜாங் முடிந்த சாயங்காலம் பெரியவனுக்கு நான்கு டப்பா, மகளுக்கு மூன்று, சம்பந்தி வீட்டுக்கு இரண்டு என்று கார் டிக்கியில் ஏறும். அடுத்த வாரமே போன் வரும். கிம்ச்சி எப்படி இருந்தது என்று கேட்க அல்ல, டப்பாவைக் கேட்க. உங்களுக்கும் அப்படி ஒரு டப்பா வந்திருந்தால், தயவுசெய்து கழுவித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.