பிளசர் காருக்கு மரப்பாடி கட்டுதல்: தென்காசி – குற்றாலம் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

தமிழில் முனைவர் பட்ட ஆய்வுக்கு அகப்படாத பொருள் அநேகமாக இல்லை. நொண்டிச் சிந்து தொடங்கிச் சினிமாச் சுவரொட்டி வரை எல்லாவற்றையும் இயல் பிரித்து, பின்னிணைப்புச் சேர்த்து, கலிக்கோ பைண்டிங் போட்டாயிற்று. ஆனால் ஓடி ஓய்ந்த பிளசர் கார் ஒன்றின் பின்பாதியை இறக்கிவிட்டு, அந்த இடத்தில் சட்டமும் பலகையும் கொண்டு லாரிக்குரிய பாடி கட்டி, அதைச் சுற்றிச் சுற்றி வந்து பூரிக்கும் பொழுதுபோக்கை மட்டும் யாரும் சீந்தவில்லை. அந்தப் பெருங்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். களம், தென்காசியும் குற்றாலமும். கருதுகோள், மரப்பாடி கட்டுவதற்கு இதைவிடப் பொருத்தமான நிலம் இல்லை. கட்டக்கூடாத நிலமும் இதுவே.

முதலில் இலக்கணம். மரப்பாடிக் கார் என்பது யாதெனின், எஞ்சினும் பானெட்டும் ஸ்டியரிங்கும் பழைய காருடையதாக இருக்க, ஓட்டுநர் முதுகுக்குப் பின்னால் உள்ளதெல்லாம் ஆசாரியுடையதாக, பொழுதுபோக்குக்கென்றே அமைவது. 'பழைய' என்றதனால் குட்டியானை விலக்கப்பட்டது. 2005இல் சந்தைக்கு வந்த அது பிறக்கும்போதே இரும்புத் தொட்டியோடு பிறந்தது. 'கார்' என்றதனால் சென்னை மீன்பாடி வண்டி விலக்கப்பட்டது. 'பொழுதுபோக்கு' என்றதனால் நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரிப் பட்டறைகள் விலக்கப்பட்டன. அங்கே பாடி கட்டுவது பிழைப்பு. பிழைப்பையும் பொழுதுபோக்கையும் பிரித்தறிவது எவ்வாறெனின், பாடிக்கு ஆன செலவு அது வாழ்நாளில் ஏற்றப்போகும் சரக்கின் மதிப்பைத் தாண்டினால் பொழுதுபோக்கு என்க. ஏற்றப்போவது பெரும்பாலும் ஒரு தார்ப்பாயும் நான்கு நண்பர்களுமே ஆகையால் ஐயத்துக்கு இடமில்லை. (சரக்கு வண்டியில் நண்பர்களை ஏற்றுவது குற்றம் என்பதைப் போக்குவரத்துக் காவலர் தனியே விளக்குவார்.)

காரின் மேல் மரத்தைக் கட்டுவது காரைக் கெடுப்பதாகும் என்பாரும் உளர். அவர் வரலாறு அறியார்.

கார் என்பதே குதிரை வண்டி கட்டியவர்கள் கையில் வளர்ந்த பிள்ளை. சென்னை சிம்ப்ஸன் கம்பெனி 1840இல் தொடங்கியது சாரட்டுகள் கட்டத்தான். 1903இல் அதே கம்பெனியில்தான் நீராவியில் ஓடும் கார் ஒன்று உருவானது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்கு உடல் கட்டித்தந்த ஃபிஷர் சகோதரர்களும் குதிரை வண்டிப் பரம்பரையே; அவர்களுடைய முத்திரையில் பொறித்திருந்ததும் ஒரு சாரட்டு. 1930களின் நடுப்பகுதி வரை பெரும்பாலான கார்களுக்கு மேலே தகடு, உள்ளே மர எலும்புக்கூடு. மினுங்கும் இரும்பைத் தட்டிப் பார்த்துப் பெருமைப்பட்ட அன்றைய ஜமீன்தார்களில் பலர் உண்மையில் தட்டியது மரச்சட்டத்தைத்தான்.

இந்த மரத் தேவை ஹென்றி ஃபோர்டைக் காடு வாங்க வைத்தது. 1920இல் மிச்சிகன் மாநிலத்தின் வடபகுதியில் 3 லட்சம் ஏக்கருக்கு மேல் வளைத்துப் போட்டு, அங்கேயே மரம் அறுக்கும் ஆலையும் வைத்தார். காருக்குப் போக மிஞ்சிய கழிவைக் கரியாக்கிக் கட்டிகளாக விற்றார். கிங்ஸ்ஃபோர்டு என்ற பெயரில் அந்தக் கரி இன்றும் அமெரிக்க அடுப்புகளில் எரிகிறது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது நம் ஊர் பஸ்கள் பின்னால் கொதிகலனைச் சுமந்துகொண்டு கரிவாயுவில் ஓடியதை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். உடம்பும் மரம், உணவும் மரம். இப்படி முழு மரக்கறியாக வாழ்ந்த இயந்திரத்தை இரும்பின் வாரிசு என்று சொல்வது ஆய்வு நெறி ஆகாது.

அதைவிட முக்கியமான சான்று 1917ஆம் ஆண்டுக்குரியது. ஃபோர்டு தன் ஒரு டன் டி.டி. வண்டியை வெளியிட்டபோது சேஸை மட்டுமே விற்றது. பின்புறத்தை வாங்குபவரும் அவர் ஊர்த் தச்சரும் பேசி முடித்துக்கொள்ள வேண்டியது. அமெரிக்கர்கள் பிறகு அந்தப் பழக்கத்தைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். நாம் விடவில்லை. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கதவும் கூரையும் இல்லாத மொட்டைச் சேஸை நெடுஞ்சாலையில் ஓட்டிப்போகும் டிரைவரைப் பார்க்காத தமிழர் உண்டா? அவர் எதிர்க்காற்றில் கண் சிவந்து போவது பாடி கட்டும் பட்டறைக்குத்தான்.

மரத்தை நாடியவர்களில் இரு பள்ளிகள் உண்டு. ஒன்று அழகுப் பள்ளி. 1910இல் கல்கத்தாவில் வாழ்ந்த ஓர் ஆங்கிலேயச் செல்வர், இங்கிலாந்தின் புரூக் கம்பெனியில் சொல்லி அன்னப்பறவை வடிவில் கார் ஒன்று செய்வித்துத் தெருவில் இறக்கினார். அது இப்போது நெதர்லாந்தில் லௌமன் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. 1924இல் பந்தயப் பிரியரான ஆந்திரே துபோனே தம் ஹிஸ்பானோ சூய்சா காருக்கு விமானம் செய்யும் நியூபோர் கம்பெனியிடம் மெல்லிய மரப்பட்டைகளால் உடல் கட்டச் செய்தார். அந்த மர உடம்போடு தார்கா ஃப்ளோரியோ பந்தயத்தையும் ஓடி முடித்தார். 2022இல் அந்தக் கார் ஏலத்தில் 90 லட்சம் டாலருக்கு மேல் போனது. மரத்தைக் கட்டினால் காரின் மதிப்பு குறையும் என்பார்க்கு இதுவே விடை.

மற்றது பயன் பள்ளி. 1930களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலிய விவசாயி ஒருவரின் மனைவி, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கும் திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்கும் கொண்டுபோக ஒரே வண்டி வேண்டும் என்று ஃபோர்டுக்குக் கடிதம் எழுதினார் என்பது அங்கே வழங்கும் வரலாறு. லூ பேண்ட் என்ற இளம் வடிவமைப்பாளர் காரின் முன்பாதியையும் சரக்குத் தொட்டியையும் ஒட்டவைத்து, 1934இல் 'யூட்' விற்பனைக்கு வந்தது. நம் ஆய்வுப் பொருள் இந்த இரண்டு பள்ளிகளுக்கும் நடுவில், இரண்டாலும் ஒதுக்கப்பட்டு நிற்கிறது.

இனி நிலத்துக்கு வருவோம். தொல்காப்பிய மரபுப்படி முதல், கரு, உரி என மூன்றும் உரைக்கப்பட வேண்டும்.

முதற்பொருளாவது நிலமும் பொழுதும். நிலம் குறிஞ்சி என்பதில் தகராறு இல்லை. பொழுது, ஆனி முதல் ஆவணி வரை. செங்கோட்டைக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று நுழைந்து, வெயிலும் தூறலும் ஒரே நேரத்தில் விழ, ஐந்தருவியில் கூட்டம் முண்டும் காலம். காற்றியல் சோதனைக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. தென்காசிக் கோபுர வாசலில் ஆளைத் தள்ளும் காற்று ஊரறிந்தது. 1956 நவம்பர் வரை செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்தது. 1904இல் மலையைக் குடைந்து கொல்லத்திலிருந்து ரயிலும் வந்துவிட்டது. ஆக, மலைமரமும் சமவெளிச் சந்தையும் சந்திக்கும் வாசல் இது. மர அறுவை மில்லின் இரைச்சலும் ஈர மரத்தூள் வாசனையும் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. பாவூர்சத்திரம், சுரண்டைச் சந்தைக் காய்கறி ஏற்றி, புளியரை தாண்டிக் கேரளத்துக்கு ஏறும் லாரிகளைப் பார்த்தே வளரும் பிள்ளைகளுக்கு, ஒரு காரைக் கண்டால் பின்னால் ஒரு தொட்டி இருந்தால் என்ன என்று தோன்றுவது இயற்கை.

கருப்பொருளாவன மரம், ஆசாரி, பட்டறை, கட்டஞ்சாயா. இவற்றுள் மரமே தலை. மாட்டுவண்டிக் காலத்திலேயே இந்தக் கேள்விக்கு விடை கண்டாயிற்று. அடிபடும் சக்கரத்துக்குக் கருவேலம். வளைவுக்கும் சட்டத்துக்கும் பூவரசும் வாகையும். மழை, கரையான் இரண்டுக்கும் அஞ்சாமல் இருக்கத் தேக்கு. மலையிலிருந்து வரும் கோங்கு ரயில் தண்டவாளக் கட்டையாகவே படுத்துக் கிடந்த மரம், ஒரு பிளசர் காரின் பாரம் அதற்குப் பொருட்டே அல்ல. குடம், ஆரக்கால், வட்டை என்று சக்கரம் கோத்து, பழுக்கக் காய்ச்சிய இரும்புப் பட்டையை மாட்டித் தண்ணீர் ஊற்றி இறுக்கிய கை, நான்கு பக்கப் பலகை அடிக்கத் தயங்காது. சித்திரை விசுவுக்கும் ஐப்பசி விசுவுக்கும் தேரோடும் குற்றாலத்தில், அச்சின் மேல் மரம் கட்டுவதை விநோதம் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. தேருக்கு பிரேக் கூட மரந்தான். முட்டுக்கட்டை போட்டுத்தான் நிறுத்துகிறார்கள்.

சிக்கல் இதே நிலத்திலிருந்துதான் முளைக்கிறது. மரம் நீளவாக்கில் அதிகம் அசையாது. அகலவாக்கில் ஈரம் குடித்து உப்பும், காய்ந்து சுருங்கும். குற்றாலச் சாரலில் பலகையோடு பலகையை நெருக்கி அடித்தால் சித்திரையில் இடுக்கு வழியே தரை தெரியும். சித்திரையில் நெருக்கி அடித்தால் ஆடியில் பலகை விம்மித் தரையே கூரையாக வளையும். புதிதாக இந்தப் பொழுதுபோக்கில் இறங்குபவர், இடைவெளி விடாமல் அடிக்கச் சொல்லி ஆசாரியிடம் மல்லுக்கு நிற்பார். "மரத்துக்கு மூச்சுவிட எடம் வேணும்லா அண்ணாச்சி" என்பதே அதற்கு மரபான மறுமொழி. அமெரிக்கர்கள் இதே உண்மையை வேறு வழியில் கண்டார்கள்: பிக்கப் தரையில் பலகைகளுக்கிடையே சந்து விட்டு, அதன் மேல் எஃகுப் பட்டையை ஓட்டிப் பிடித்தார்கள். செவர்லே தன் 'ஸ்டெப்சைடு' பிக்கப்புகளில் 1987 வரை மரத்தரையைக் கைவிடவில்லை. சேஸோடு பாடியைப் பிணைப்பதற்கும் ஒரு நெறி உண்டு. சேஸின் விளிம்பில் துளை போட்டால் அங்கிருந்தே விரிசல் விடும். ஆகவே நெடுஞ்சட்டத்தைச் சேஸின் மேல் கிடத்தி, யூ போல்ட்டால் இறுக்குவதே அறிவு.

எந்தக் காருக்குக் கட்டலாம் என்பதில்தான் கல்வியாளர்களும் (டீக்கடை பெஞ்சில் அமர்ந்தோர்) மெக்கானிக்குகளும் பிரிகிறார்கள். பெஞ்சுத் தரப்பு அம்பாசடரைச் சொல்லும். தவறு. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்து 2014 வரை உற்பத்தியான அம்பாசடருக்கும், ஃபியட் வழிவந்த பிரீமியர் பத்மினிக்கும் தனிச் சேஸ் கிடையாது, உடம்பே எலும்பு. பின்பாதியை அறுத்தால் முதுகெலும்பையே அறுத்ததாகும். மீதிப் பாதி தென்காசி மேம்பாலத்தில் ஏறும்போதே தன் கருத்தைத் தெரிவித்துவிடும். தனிச் சேஸ் உள்ளவை போருக்கு முந்தைய கார்கள், ஜீப், பிறகு சென்னையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. ஹெரால்டின் உடம்பு துண்டு துண்டாகப் போல்ட் போட்டுச் சேஸில் உட்கார்த்தப்பட்டது. கழற்றி வைக்கலாம், மனம் மாறினால் திரும்ப மாட்டலாம். மனம் மாறுவதற்கு வழிவிடும் ஒரே கார் என்ற வகையில் இக்கட்டுரை ஹெரால்டையே பரிந்துரைக்கிறது.

தனிச் சேஸ் வேண்டும் என்ற இந்த விதிக்கு இங்கிலாந்தின் மாரிஸ் மைனர் டிராவலர் புறனடை. 1953 முதல் 1971 வரை வந்த அந்தக் காரின் பின்பாதி மரச்சட்டம் அலங்காரம் அன்று; கூரையைத் தாங்குவதே அதுதான். எனவே அங்கே அந்தக் காருக்கு ஆண்டுத் தகுதிச் சோதனை கட்டாயமாக இருந்த 2018 வரை, துருவைத் தேடுவதோடு நில்லாமல் மரம் உளுத்திருக்கிறதா என்றும் குத்திப் பார்த்தார்கள். சட்டத்து ஓரங்களில் பாசி பிடிப்பது அந்தக் காருக்கு வழக்கமான நோய். அந்த வண்டியைக் குற்றாலத்தில் ஒரு சீசன் நிறுத்தினால் பாசியோடு நிற்காது, காளானும் பறிக்கலாம்.

உரிப்பொருளாவது ஒழுக்கம். குறிஞ்சிக்குப் புணர்தல் உரியது; அது காரும் பலகையும் கூடும் முதல் வாரத்தோடு முடிகிறது. பின் உதிரிபாகத்துக்காகக் காத்திருத்தல் வருகிறது, அது முல்லை. பணம் பிரிதல், அது பாலை. வாசற்கதவுக்கென்று வாங்கிய தேக்கு எங்கே என்று வீட்டில் கேள்வி எழும்போது தோன்றும் ஊடல் மருதத்துக்குரியது. ஒரே முற்றத்தில் நான்கும் நிகழ்வதால் இதைத் திணைமயக்கம் எனக் கொள்க.

இறுதியாகச் சட்டம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக்கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. 2021 ஜூலையில் வந்த விண்டேஜ் விதிகள் வேறொரு வாசலைத் திறந்தன: 50 ஆண்டு கடந்த இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு 'விஏ' எழுத்துடன் தனி எண், பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். ஆனால் வண்டி மூல வடிவில் இருக்க வேண்டும்; சேஸிலோ உடலிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் கூடாது. மரப்பாடி கட்டிய கணமே கார் இந்த வாசலுக்கு வெளியே நிற்கிறது. அந்த விதிகளில் நம் போன்றோர் நெஞ்சை நெகிழ வைக்கும் ஓர் இடமும் உண்டு. விண்டேஜ் வண்டியை அன்றாடம் ஓட்டக்கூடாது. கண்காட்சி, பேரணி இவற்றோடு தொழில்நுட்ப ஆராய்ச்சிக்காகவும் சாலையில் இறக்கலாம். இக்கட்டுரை ஆசிரியருக்கு வண்டி மட்டும்தான் குறை.

ஆகவே முடிபு இது. நல்ல நிலையில் உள்ள பழைய காரை அறுப்பது ஆய்வும் அன்று, பொழுதுபோக்கும் அன்று, கொலை. உடல் துருப்பிடித்து உதிர்ந்து சேஸ் மட்டும் மிஞ்சிய வண்டி கிடைத்தால், பாடி கட்டி, சொந்தத் தென்னந்தோப்புக்குள் தேங்காய் ஏற்றி ஓட்டிக்கொள்ளலாம். தென்காசியில் தோப்புக்குப் பஞ்சமில்லை. முன்பே பிக்கப்பாகப் பதிவான வண்டி கையில் இருந்தால் இன்னும் நல்லது. உளுத்த பலகையை எடுத்துவிட்டு அதே அளவில் அதே மாதிரிப் பலகை போடுவது பழுதுபார்ப்பு. எனவே வாசகர்கள் ஆசாரிக்குச் சொல்லி அனுப்பும் முன் பீரோவைத் திறந்து ஆர்.சி. புத்தகத்தில் பாடி வகை என்ற இடத்தைப் பார்க்கவும். அங்கே 'சலூன்' என்றிருந்தால் வாளைக் கீழே வைத்துவிடுங்கள். வாங்கிய தேக்கு வாசற்கதவுக்கே ஆகும்.