திண்ணைக்கு வந்த எஞ்சின்

எண்பதுகளில் புல்லட் வைத்திருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்குக் கோடை விடுமுறை என்றால் மாம்பழ வாசத்தோடு மண்ணெண்ணெய் வாசமும் சேர்ந்தே நினைவுக்கு வரும். ஏதாவது ஒரு மே மாதத்தில் எஞ்சினை ஃப்ரேமிலிருந்து கழற்றி, இரண்டு பேர் தூக்கிவந்து, திண்ணையில் விரித்த கோணிச்சாக்கின் மேல் உட்காரவைப்பார்கள். அதன்பிறகு கொஞ்ச நாளைக்கு அந்தத் திண்ணை தெருவுக்கே சொந்தம், போகிறவர், வருகிறவர் எல்லாரும் நின்று, “என்ன சார், ஹெட்டைக் கழட்டியாச்சா?” என்று விசாரித்து, ஆளுக்கொரு யோசனை சொல்லி, காபி குடித்துவிட்டுத்தான் நகர்வார்கள்.

அந்த வண்டியே இந்த மண்ணுக்குப் பாகம் பாகமாக வந்ததுதான். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியபோது, ரெட்டிச் நகரிலிருந்து வந்த பாகங்களைத்தான் இங்கே பூட்டினார்கள். பிறகு படிப்படியாக எல்லாமே இங்கேயே தயாராகின. ரெட்டிச் ஆலை 1967இல் மூடப்பட்ட பின்னும், 70 மில்லிமீட்டர் போரும் 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கும் கொண்ட அந்த 346 சிசி வார்ப்பிரும்பு எஞ்சின் திருவொற்றியூர் ஆலையிலிருந்து அடிப்படை மாறாமல் வந்துகொண்டே இருந்தது. அதனால்தான் பெரியப்பா வண்டியில் அப்பா கற்றது எங்கள் வண்டிக்கும், எங்கள் வண்டியில் நான் கற்றது நண்பர்கள் வண்டிக்கும் பொருந்தியது.

ஆலையில் காரியத்துக்கு ஒரு கருவி உண்டு. எங்களிடம் இருந்தவை சில இஞ்ச் ஸ்பேனர்கள், ஒரு திருப்புளி, ஒரு கொறடு, தச்சாசாரி செய்துகொடுத்த கொட்டாப்புளி, அவ்வளவுதான். அந்தப் பழைய ஆங்கிலேய அளவு நட்டுகளில் மில்லிமீட்டர் ஸ்பேனர் சரியாக உட்காராது என்பதால், ஒரு ஸ்பேனர் கடன் கேட்கவும் இன்னொரு புல்லட் வீட்டுக்குத்தான் போக வேண்டும். கருவி இல்லாத ஒவ்வொரு இடத்திலும் ஒரு மனிதர் வந்து நின்றார்.

கிராங்க் கேஸில் பேரிங் இறக்குவதை எடுத்துக்கொள்ளுங்கள். கேஸ் அலுமினியம், பேரிங் எஃகு. அடித்து இறக்கினால் கேஸ் விரிசல் விடும். சூட்டில் அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும் என்பதைப் பாடப்புத்தகத்துக்கு முன்பே எனக்குக் கற்றுக்கொடுத்தது எங்கள் வீட்டு வெந்நீர் அண்டா. கழுவித் துடைத்த கேஸை அதில் முக்கிக் கொதிக்கவிட்டுவிட்டு, தெருவில் ஃபிரிட்ஜ் இருந்த ஒரே வீட்டுக்கு நான் ஓடிப்போய், அவர்கள் இரவெல்லாம் ஐஸ் டிரேக்குப் பக்கத்தில் வைத்திருந்த பேரிங்கைத் துணியில் சுற்றி வாங்கி, குளிர்ச்சி இறங்குவதற்குள் திரும்பி வர வேண்டும். கொதிக்கும் கேஸைக் கந்தல் துணியால் பிடித்துப் பலகையில் வைத்ததும், ஈரம் தானாகவே உலர்கிற அந்தச் சில நொடிகளில் அப்பா பேரிங்கை நேர்பார்த்து விடுவார். சுத்தியலுக்கு வேலையே இல்லாமல், டொக் என்று ஒரு சத்தத்தோடு அது தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்தச் சத்தத்துக்காக எதிர்வீட்டு அத்தைகூடப் பூக்கட்டுவதை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்.

பிஸ்டனும் அப்படித்தான். வெந்நீரில் போட்டெடுத்தால் அதில் செருகும் பின் (pin) கட்டைவிரல் அழுத்தத்துக்கே உள்ளே போகும். சர்க்ளிப் தெறித்துக் கேஸுக்குள் விழாமலிருக்க வாயைப் பழைய வேட்டித் துணியால் அடைத்திருப்போம். ரிங்குகளின் வாய்கள் ஒரே நேர்க்கோட்டில் வராதபடி திருப்பி வைத்து, பிஸ்டனுக்கு அடியில் இரண்டு மரக்கட்டைகளை அண்டக் கொடுத்து, அண்ணன் வார்ப்பிரும்பு சிலிண்டரை மேலிருந்து இம்மி இம்மியாக இறக்க, அப்பாவும் நானும் ரிங்கைச் சுற்றி விரல்களால் அமுக்கிக்கொண்டே இருப்போம். அவசரப்பட்டால் ரிங் ஒடிந்துவிடும். “பைய விடுடா, பைய” என்ற அப்பாவின் குரலுக்கு மூன்று பேரின் கைகளும் ஒன்றாகப் பழகி, ஒவ்வொரு ரிங்காக உள்ளே வழுக்கிப் போகும்போது விரல் நுனியில் தெரிகிற அந்த விடுதலை எனக்கு இன்றும் மறக்கவில்லை.

பேக்கிங் வேண்டுமென்றால் பழைய காலண்டர் அட்டையைக் கவர் விளிம்பில் வைத்து, குண்டுத்தலைச் சுத்தியலால் ஓரத்தை லேசாகத் தட்டினால் போதும், விளிம்பே வெட்டிக் கொடுத்துவிடும். கேம் பல்சக்கரங்களில் ஆலைக்காரர்களே புள்ளி குத்திவைத்திருந்தார்கள். புள்ளிக்குப் புள்ளி நேர்நின்றால் வால்வுகள் நேரத்துக்குத் திறக்கும். புஷ் ராடுக்கு அளவுகோல் விரல்தான்: எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அது தாராளமாகச் சுழல வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. எஞ்சின் ஃப்ரேமில் ஏறிய பிறகு டைமிங் வைக்கச் சைக்கிள் கடைக்காரர் தந்த ஆரக்கம்பி. வண்டியை நாலாவது கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் உருட்டி, பிளக் துளையில் விட்ட கம்பியை வைத்துப் பிஸ்டனின் உச்சியைக் குறித்துக்கொண்டு, அதற்கு 0.8 மில்லிமீட்டர் முன்னால் பாயிண்ட் திறக்கிறதா என்று பார்ப்பார்கள். பாயிண்டின் வாயில் கவ்வவைத்த சிகரெட் தாள் துணுக்கை மெல்ல இழுத்துக்கொண்டே இருப்பது என் பொறுப்பு, பிடி விட்டுத் தாள் கையோடு வருகிற கணத்தில் “வந்துடுச்சுப்பா!” என்று நான் கத்துவேன். அந்தக் கணத்தை ஊரிலேயே முதலில் அறிந்தவன் நான் என்ற பெருமை பள்ளிக்கூடம் திறக்கும் வரைக்கும் போதுமானதாக இருந்தது.

உதிரி பாகத்துக்குச் சென்னைக்கு ரயிலேறி, தேய்ந்த புஷ்ஷை மாதிரிக்காகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் கடை கடையாக ஏறி இறங்கிய நாட்கள் அவை. இன்று அதே வண்டியை என் மகள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் இறக்கிப் பூட்டுகிறாள். விரல்களுக்குப் பதில் ரிங்கை அமுக்கும் ரிங் கம்ப்ரஸர், டார்க் ரெஞ்ச், டயல் கேஜ் எல்லாம் கூரியரில் வந்துவிட்டன. பேரிங் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜிலேயே குளிர்கிறது. சந்தேகம் வந்தால் கைப்பேசியில் யாரோ செய்து காட்டுகிறார்கள். வேலை சுத்தம், அளவு துல்லியம். அந்தக் காலத் திண்ணையில் அக்காவுக்கு இடம் இருந்ததில்லை. கணக்கில் எங்கள் எல்லாரையும்விடக் கெட்டியான அவள், காபி தம்ளர்களை வைத்துவிட்டு, கதவோரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவாள். முழங்கை வரை கிரீஸோடு உட்கார்ந்திருக்கும் மகளைப் பார்க்கும்போது, பழைய காலத்தை அப்படியே திரும்பக் கேட்க எனக்கு மனம் வருவதில்லை.

வண்டிகளும் மாறிவிட்டன. வார்ப்பிரும்பு எஞ்சினுக்குப் பின் வந்ததில் கியர்பெட்டியும் எஞ்சினும் ஒரே கூட்டுக்குள். புஷ் ராடு இடைவெளியை ஹைட்ராலிக் டாப்பெட் பார்த்துக்கொண்டது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபின் பெட்ரோலைக் கணினி அளந்து தெளிக்கிறது. எண்ணெய் ஒழுகுவதில்லை, புகை குறைவு, நடுவழியில் நிற்பது அபூர்வம். இவையெல்லாம் நல்லவையே, மழையில் வண்டியைத் தள்ளியவர்களுக்கு இவற்றின் அருமை தெரியும். ஆனால் வாங்கிய ஒவ்வொரு கருவியும் நாம் போய்க் கதவைத் தட்டியிருக்க வேண்டிய ஒரு வீட்டைக் குறைத்துவிட்டது. ஃபிரிட்ஜ் வீட்டுக்காரர்களும் சைக்கிள் கடைக்காரரும் எங்கள் எஞ்சினில் பங்கு உள்ளவர்களாக இருந்தார்கள். வண்டி தெருமுனை திரும்பும்போது அதன் சத்தம் சரியாக இருக்கிறதா என்று அவர்களும் காது கொடுத்துக் கேட்டார்கள்.

வீட்டில் பழைய புல்லட்டோ ஜாவாவோ ராஜ்தூத்தோ தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தால், பழைய இரும்புக்குப் போடாமல் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒருமுறை பிரித்துப் பூட்டுங்கள். நல்ல ஸ்பேனர் வாங்குங்கள், டார்க் ரெஞ்சும் வாங்குங்கள். ரிங் கம்ப்ரஸரை மட்டும் வாங்க வேண்டாம். சிலிண்டரைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும் என்று பக்கத்து வீட்டில் போய்க் கேளுங்கள்.